கையால செஞ்சு வாங்கின 5 ஸ்ட்ரிங் பேஸ், ஆறு மாசம் வாசிச்சதுக்கு அப்புறம்

ஆர்டர் குடுத்து வாங்கின எலக்ட்ரிக் பேஸ் கிட்டார் இது, தினமும் வாசிக்கிறேன், அதனால தைரியமா சொல்றேன், ரொம்ப நல்லா இருக்கு. பாடி ஆஷ் மரம், நெக் (விரல் வெச்சு அழுத்துற நீளமான கழுத்து) மேப்பிள், ஸ்கேல், அதாவது கம்பி அதிர்ற நீளம், 35 இஞ்ச். வழக்கமான 34 இஞ்ச் போதும்னுதான் நான் கேட்டேன், ஆனா செஞ்சவரு, லோ பி கம்பி (இருக்கறதுலயே கீழ் சுருதி கம்பி) சுமார் 31 ஹெர்ட்ஸ்ல அதிரும், நீளம் கொஞ்சம் கூடினா அதே சுருதிக்கு கம்பி இன்னும் இறுக்கமா நிக்கும், தொளதொளன்னு ஆடாதுன்னாரு, வாசிச்சா அப்படியேதான் இருக்கு.

ஃப்ரெட் (நெக்ல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை) முனை ஒவ்வொண்ணையும் சின்ன அரத்தால ராவி உருட்டி விட்டிருக்காரு, கை நெக்ல வழுக்கிட்டு போகுது, எங்கயும் குத்தல. இதுக்காகவே கையால செஞ்சத வாங்கலாம்!

குறைன்னா, வந்த புதுசுல லோ பி 12வது ஃப்ரெட்ல கொஞ்சம் ஷார்ப், அதாவது சுருதி கூடுதலா இருந்துச்சு, பிரிட்ஜ் சேடில (பாடி பக்கம் கம்பி உக்கார்ற துண்டு) பின்னாடி தள்ளி நானே சரி பண்ணிட்டேன். அப்புறம் காத்துல ஈரம் கூடினப்ப நெக் பின்பக்கமா வளைஞ்சு முதல் ரெண்டு மூணு ஃப்ரெட்ல கம்பி கிர்ருன்னு இரைஞ்சுது, ட்ரஸ் ராட (நெக்குக்குள்ள வளைவ சரி பண்ற உலோகத் தண்டு) கால் சுத்து லூஸ் பண்ணதும் நின்னுருச்சு. வெயிட் 4.5 கிலோ, தோள் வலிக்கும், அகலமான ஸ்ட்ராப் போட்டுக்கங்க.