முற்றவெளியைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு

விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருபவர்கள் கோட்டைக்கு ஒரு நாள், நூலகத்துக்கு இன்னொரு நாள் என்று ஓட்டோவுக்குக் காசைக் கொட்டுகிறார்கள். தேவையே இல்லை. கோட்டை, முனியப்பர் கோயில், துரையப்பா விளையாட்டரங்கு, பொது நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் கோட்டைக்கு முன்னாலுள்ள திறந்த வெளியான முற்றவெளியை ஒட்டித்தான் இருக்கின்றன. மத்திய பஸ் நிலையத்தில் இறங்கி ஆஸ்பத்திரி வீதியால் மேற்கே நடந்தால் போதும்.

வெயில்தான் பிரச்சினை. கோட்டைப் பீரங்கிகளுக்குக் குறுக்கே எதுவும் நிற்கக்கூடாதென்று முன்னால் வெட்டவெளி விடுவது அந்தக் கால வழக்கம். இன்றும் நடுவில் ஒதுங்க நிழல் இல்லை. முதியவர்களையும் பிள்ளைகளையும் மதியத்தில் கூட்டிப் போகாதீர்கள். தண்ணீரையும் கழிப்பறைத் தேவையையும் பஸ் நிலையப் பக்கச் சாப்பாட்டுக் கடைகளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் நூலகம். செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போகவேண்டும். படிக்கிற பிள்ளைகள் நிறைந்த இடம். பார்வையாளரை எந்நேரமும் விடமாட்டார்கள், வாசலில் நேரம் கேளுங்கள், படமெடுக்க அனுமதியும் கேளுங்கள். போயா தினம் (பௌர்ணமி) அரச விடுமுறை, அன்று வேண்டாம். 1981இல் எரிக்கப்பட்ட கட்டடம் இது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிக் கூட்டிவந்தால், வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வெறுமனே திரும்பமாட்டார்கள்.

பலர் தவறவிடுவது வீரசிங்கம் மண்டபத்துக்கு அருகிலுள்ள நினைவுத்தூண்கள். 1974 ஜனவரி 10 அன்று, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாள் கூட்டத்தில் உயிரிழந்தவர்களுக்கானவை. ஓட்டோவில் போனால் கண்ணில் படாது. இறங்கி நில்லுங்கள்.

கோட்டைக்கு நாலு மணிக்குப் பிறகு போங்கள். இருட்டமுன் வெளியேற வேண்டும். போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். மதில் கல்லை உற்றுப் பாருங்கள்: முருகைக்கல், பவளப்பூச்சியின் துளைகள் அப்படியே தெரியும். மதில்மேல் பக்கத்திலுள்ள பண்ணைக் கடலின் காற்று பலமாக வீசும், தரை மேடுபள்ளம்; பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மூட்டு வலி உள்ளவர்கள் கீழே நின்று பார்ப்பதே நல்லது.

பஸ்ஸுக்குச் சில்லறை வேண்டும். 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநரிடம் மாற்ற இருக்காது. பண இயந்திரம் உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா என்று கேட்டால் மறுத்து, ரூபாயையே தெரிவு செய்யுங்கள். மாற்று விகிதத்தில் நட்டப்படமாட்டீர்கள். ஓட்டோவென்றால் பிக்மி செயலியில் விலையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். இரவில் ஊர்ப் பக்க பஸ்கள் குறைந்துவிடும்; கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே நேரக்கணிப்பாளரிடம் கேட்டு வையுங்கள்.