காளஹஸ்திக் கலம்காரிப் பெட்டி: வாங்கலாம், குறிப்புத்தாளை மட்டும் ஓரமாக வையுங்கள்

காளஹஸ்தி கோயில் பக்கத்துக் கைவினைக் கடை ஒன்றில், தொங்கும் கலம்காரிச் சேலைகளுக்குக் கீழே ஓர் அட்டைப் பெட்டி விற்கிறார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் வீட்டிலேயே கலம்காரி, அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் படம் தீட்டும் கலை, பழகுவதற்கானது. விலை 950 ரூபாய். நகரி, புத்தூர், ஏகாம்பரகுப்பம், சித்தூர் பக்கம் எந்நேரமும் நோட்டு ஓரத்தில் படம் போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது தகுமா என்றால், தகும். ஆனால் உள்ளே இருக்கும் குறிப்புத்தாளை நம்பினால் முதல் துணியே வீணாகும்.

மூடியில் அச்சிட்டிருக்கும் பூவேலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மச்சிலிப்பட்டினத்து மர அச்சு வேலை. காளஹஸ்தி வேலையில் அச்சுக் கட்டைக்கு இடமில்லை, கோடு முழுக்கக் கலம் என்கிற மூங்கில் பேனாவால் கையில் இழுப்பது. பெட்டிக்குள் இருப்பது காளஹஸ்தி முறைக்கான பொருள்கள்தான்: ஒரு மீட்டர் காடாத் துணி, இரண்டு மூங்கில் கலம், 100 மில்லி கசிமி என்கிற கறுப்பு மை, கடுக்காய்த் தூள், படிகாரம், மஞ்சிட்டித் தூள், மாதுளைத் தோல் தூள், கருக்கிய புளியங்குச்சிகள், ஒரு நீலப் புட்டி, மயில் அச்சடித்த தாள் ஒன்று.

இவற்றில் கொடுத்த காசுக்கு முழுப் பெறுமதி கசிமிதான். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு இரண்டு மூன்று வாரம் புளிக்க வைத்து வடிப்பது இது. வீட்டில் செய்தால் முதல் தடவை சரியாக வருவது அரிது. புட்டியைத் திறந்தால் புளித்த வெல்ல வாசனையோடு துரு வாசனை வரும். பார்க்க வெறும் பழுப்புத் தண்ணீர், கறுப்பு எங்கே என்று தோன்றும். கடுக்காய் ஏற்றிய துணியில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். விழும்போது சாம்பல், மூச்சு விடுவதற்குள் மையாகக் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து நூலிழைக்குள்ளேயே பிறக்கிற கறுப்பு அது, மேலே பூசியதல்ல. கடுக்காய் ஏற்றாத துணியில் அதே சொட்டு துருக்கறையாக நின்றுவிடும். கறுப்பு போதவில்லை என்று ஒரே கோட்டின் மேல் மூன்று நான்கு தடவை ஏற்றவும் கூடாது. இரும்பு மிகுந்தால் அந்த இடத்தில் துணி நாளடைவில் இற்றுப்போகும். பழைய திரைச்சீலைகளில் மற்ற நிறம் நின்று கறுப்பு மட்டும் உதிர்ந்திருப்பது இதனால்தான்.

இனி குறிப்புத்தாளின் பெரிய தவறு. துணியை அப்படியே கடுக்காய்த் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து வரையச் சொல்கிறது. இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று, விசைத்தறிக் காடாவில் கஞ்சி ஏறியிருக்கும். அதை இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஒரு ஸ்பூன் சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு அலசினால்தான் சாயம் உள்ளே இறங்கும். சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்ச வேண்டும், அதுதான் பதம்.

இன்னொன்று, பால். தாளில் பால் என்ற சொல்லே இல்லை! பாலில் உள்ள கொழுப்புதான் மை பக்கவாட்டில் ஊறாமல் கோட்டைக் கோடாக நிறுத்துகிறது. பால் இல்லாத துணியில் கண் இமை வரைந்தால் கம்பளிப்பூச்சி மாதிரி விரியும். ஒரு மீட்டருக்கு 30 கிராம் கடுக்காய்த் தூளைக் கால் லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, கால் லிட்டர் காய்ச்சாத எருமைப்பால் சேருங்கள். கொழுப்பு எடுத்த பாக்கெட் பால் போதாது. துணியை இருபது நிமிடம் புரட்டிப் புரட்டி ஊறவைத்து, எல்லா இடமும் ஒரே அளவு பிழிந்து, நல்ல வெயிலில் விரித்துக் காயவையுங்கள். கொடியில் மடித்துப் போட்டால் மடிப்பில் பால் தேங்கி, பிறகு சாயம் அங்கே திட்டாக நிற்கும். காய்ந்த துணி இளமஞ்சளாக, கொஞ்சம் மொடமொடப்பாக இருக்கும். எறும்பு மொய்க்கும் என்பதால் பத்து நாளுக்குள் வரைந்துவிடுவது நல்லது.

கலம் இரண்டும் கணுவில்லாத நல்ல மூங்கில், சீவியதும் சரி. நுனிக்கு இரண்டு விரற்கடை மேலே சுற்றியிருக்கும் பந்தில்தான் குறை. கம்பளியோ பருத்தித் துணியோ சுற்றி நூலால் கட்டியிருக்க வேண்டும். மை அதில் தங்கும், வரையும்போது விரலால் லேசாக அழுத்தினால் நுனிக்கு இறங்கும். இதில் செயற்கை இழை சுற்றியிருக்கிறார்கள். அது மையைப் பிடிக்காமல் பொத்தென்று கொட்டிவிடும். பிரித்தெறிந்துவிட்டுப் பழைய பருத்தி வேட்டிக் கிழிசலை நாடாவாகக் கிழித்து இறுகச் சுற்றி, பருத்தி நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். பந்து சிறு நெல்லிக்காய் அளவு போதும்.

மயில் தாள் தேவையே இல்லை. கோடு பதிய வைத்து அதன் மேல் இழுத்தால் பிள்ளைக்குக் கலம் பழகலாம், படம் பழகாது. புளியங்கரியால் நேரே துணியில் போட வேண்டும். தவறினால் தட்டினால் போய்விடும் என்பதற்காகத்தானே அந்தக் கரி. காளஹஸ்தித் துணியின் அழகே கதை சொல்வதில் இருக்கிறது: நடுவில் பெரிய உருவம், சுற்றிலும் வரிசை வரிசையாகக் கட்டங்கள், கட்டத்தின் ஓரப் பட்டையில் தெலுங்கில் எழுத்து. காமிக்ஸ் வரையும் பிள்ளைக்கு இந்த அமைப்பு உடனே பிடிபடும். ஊர்ப்பிள்ளைகளுக்குக் கதைக்கும் பஞ்சமில்லை. காளஹஸ்தி என்றாலே கண்ணப்பர். ஆறு கட்டத்தில் அவர் கதை அடங்கிவிடும். திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் பார்த்த துரியோதனனின் கிரீடமும் புஜக்கட்டையும் கலத்துக்கென்றே அமைந்தவை. பட்டையில் தமிழில் எழுதட்டும்.

சிவப்பு பொறுமை கேட்கும். 10 கிராம் படிகாரத்தை 100 மில்லி வெந்நீரில் கரைத்து, சிவக்க வேண்டிய இடத்தில் மட்டும் பூச வேண்டும். கரைசலுக்கு நிறமில்லாததால் எங்கே பூசினோம் என்றே தெரியாது, இரண்டு துளி மஞ்சிட்டிச் சாறு கலந்துகொண்டால் தெரியும். ஒரு முழு நாள் காய்ந்த பிறகு அலச வேண்டும். இங்கே குறிப்புத்தாள் ‘வாளியில் அலசவும்’ என்கிறது. அப்படிச் செய்தால் ஒட்டாத இரும்பும் படிகாரமும் வாளித் தண்ணீரில் கரைந்து, கடுக்காய் இருக்கிற வெற்றிடமெங்கும் போய் ஒட்டிக்கொள்ளும். வரைந்த முகமெல்லாம் சாம்பல் படியும், பிறகு எதற்கும் போகாது. காளஹஸ்தியில் சுவர்ணமுகி ஆற்றோட்டத்தில் துணியை விரித்துப் பிடித்து அலசியதன் காரணம் இதுதான். ஆற்றில் தண்ணீர் இல்லாவிட்டால் வயல் பம்புசெட் வாய்க்கால் சரியான இடம். குழாயடி என்றால் துணியை மடிக்காமல் விரித்துப் பிடித்துப் பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள்.

பிறகு துணியை மஞ்சிட்டித் தண்ணீரில் முக்கால் மணி நேரம் மெல்லக் கொதிக்கவிட வேண்டும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து எழும். பெட்டியில் உள்ள 25 கிராம் மஞ்சிட்டிக்கு ரோஜா நிறம்தான் வரும். சிவப்பு வேண்டுமானால் 75 கிராமாவது வேண்டும். இரும்புச் சட்டியில் கொதிக்கவிட்டால் சிவப்பு மங்கிக் காப்பிப் பழுப்பாகும். எவர்சில்வரோ செம்போ எடுங்கள். வெற்றிடத்தில் ஏறிய இளஞ்சிவப்பு போக, சாணித் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து அலசி, இரண்டு மூன்று நாள் வெயிலில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் காயவைக்க வேண்டும். தாளில் இதுவும் இல்லை.

மஞ்சளுக்கு முன் மறுபடி ஒரு முறை பாலில் முக்கிக் காயவைக்க வேண்டும், முதல் பால் கொதியிலேயே போயிருக்கும். மஞ்சள் தருகிற மாதுளைத் தோல் தூள் அளவு போதுமானது, குறையில்லை.

நீலப் புட்டி அவுரி நீலமல்ல. அவுரித் தொட்டிச் சாயம் பச்சையாக ஏறி, காற்றுப் பட்டுத்தான் நீலமாகும். இது புட்டியிலும் நீலம், துணியிலும் நீலம், காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி வழுவழுக்கிறது. ரசாயன வண்ணம் கொடுப்பதில் தவறில்லை. பெட்டி மேல் ‘முழுவதும் இயற்கைச் சாயம்’ என்று எழுதிவிட்டுக் கொடுப்பதுதான் தவறு. பிள்ளைகளுக்கான பொருளில் இது கூடாது.

மொத்தத்தில் ஒரு துணிக்குப் பன்னிரண்டு நாள் ஆகும், அதில் கை வேலை ஐந்தாறு நாள்தான், மற்றதெல்லாம் ஊறுவதும் காய்வதும். ஒரே நாளில் முடித்து மாட்ட நினைக்கிறவர்கள் வாங்க வேண்டாம். கோடை விடுமுறைதான் ஏற்ற காலம், ஐப்பசி கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள். கொதிக்கிற பாத்திரத்தைப் பெரியவர்கள் தூக்குங்கள், அதே பாத்திரத்தில் பிறகு சமைக்காதீர்கள்.

இரண்டாவது துணிக்குப் பெட்டி வாங்க வேண்டியதில்லை. காடா நம்ம பக்கத்து விசைத்தறியிலேயே மீட்டர் கணக்கில் கிடைக்கும். கடுக்காய், மஞ்சிட்டி, படிகாரம், மாதுளைத் தோல் நான்கும் நாட்டுமருந்துக் கடையில் இருக்கும். கசிமி மட்டும் தீர்ந்தால் ரேணிகுண்டாவில் வண்டி மாறிக் காளஹஸ்திக்குப் போய் வாங்கி வாருங்கள். போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போய், வேலை செய்கிறவர்கள் கலத்தை எந்தச் சாய்வில் பிடிக்கிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவிடுங்கள்.