உண்மைக் கல்யாணத்துக்குப் பொய்ச் சாட்சி: விசா ஏஜென்ட்டிடம் நாங்கள் பட்டது

கனடாவில் இருக்கும் கணவரிடம் போய்ச் சேர வேண்டிய நான் இன்னும் கண்டனூரில் மாமியார் வீட்டு வளவில்தான் இருக்கிறேன். என் விண்ணப்பத்தை நிராகரித்ததோடு, தவறான தகவல் கொடுத்ததாகச் சொல்லி ஐந்து வருடத் தடையும் போட்டுவிட்டார்கள். அந்தத் தவறான தகவல் ஒவ்வொன்றும் நாங்கள் காசு கொடுத்து அமர்த்திய ஏஜென்ட் எழுதியது. காரைக்குடிப் பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டில் இதே வேலைக்காக ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கல்யாணம் 2023 தை மாதம் நடந்தது. 2022 ஆவணியில் ஜாதகம் பார்த்தார்கள். அப்புறம் நானும் அவரும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். கார்த்திகையில் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அவர் டொரோண்டோவிலிருந்து ஜனவரியில் வந்து இறங்கிய பிறகுதான் ஒருவரையொருவர் நேரில் பார்த்தோம். பார்த்த பதினோராம் நாள் திருப்பூட்டு, அதாவது தாலி கட்டு. எங்கள் ஊரில் இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம், அவர் கிளம்புவதற்கு முன்பே ஃபைலைக் கொடுத்துவிடலாம் என்று அப்பச்சி (என் அப்பா) அந்த ஏஜென்ட்டிடம் எங்களைக் கூட்டிப்போனார். தெரிந்தவர் சொல்லி வந்த ஆள். மாடியில் குளிரூட்டிய அறை, சுவர் முழுக்க கொடிகள், விசா நகல்கள். பேசிய தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரம். பாதி முன்பணம், ரொக்கமாக. ரசீது கேட்டதற்கு, "அய்யா, நம்மகிட்ட எல்லாம் நம்பிக்கைதான்" என்றார். அப்பச்சி அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆத்தா (என் அம்மா) ஒரு பெரிய பையைக் கொண்டுவந்திருந்தார். இசைகுடிமானம், கோயிலில் இருந்து வந்த மாலையோடு கொடுத்த கடிதம், நாங்கள் புதுப் புள்ளியாக, அதாவது கோயில் கணக்கில் புதுக் குடும்பமாக, பதிந்து வரி கட்டிய ரசீது, மொய் நோட்டு, சாமான் பட்டியல், அழைப்பிதழ். இசைகுடிமானம் தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நகரத்தார் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் எழுதி, கையெழுத்துப் போட்டு, மாற்றிக்கொள்ளும் உடன்படிக்கை அது. எந்த ஊர், எந்தக் கோயில், யார் மகன், யார் மகள் என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் மொய் நோட்டில் நானூற்றுச் சொச்சம் பெயர்கள், என் சித்தப்பாவின் கையெழுத்தில், ஊர் பெயரோடு.

அந்த ஆள் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "இதெல்லாம் நம்ம ஊர்ச் சடங்கு ஆச்சி, வெள்ளைக்காரனுக்கு என்ன புரியும்? அவனுக்கு லவ் இருக்கணும். பதினோரு நாள்ல கல்யாணம்னா எவன் நம்புவான்?"

அந்தக் கேள்விதான் எங்களைக் கவிழ்த்தது. எங்களுக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. அதை அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"நிச்சயதார்த்தப் படம் இருக்கா?" என்றார். தனியாக நிச்சயம் செய்யவில்லை, பெரியவர்கள் பேசி முடித்ததுதான் என்றோம். "அப்ப எடுத்துடுவோம், எல்லாரும் செய்றதுதான்" என்றார். இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டு முகப்பிலேயே ஒரு போட்டோகிராபரை அனுப்பினார். தட்டு, பூ, பழம் வாங்கி வைத்தோம். என்னிடம், "தங்கச்சி, தாலிச் சங்கிலியை மட்டும் கழட்டிடும்மா" என்றார் போட்டோகிராபர். கல்யாணம் ஆகி மாதம்கூட ஆகவில்லை. கழற்ற மாட்டேன் என்றேன். முந்தானையை இழுத்துக் கழுத்து வரைக்கும் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதே எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்தப் படத்துக்கு உட்கார்ந்தது நானும் அவரும் செய்த தவறு. அதை நாங்கள் மேல்முறையீட்டிலும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறோம்.

எங்களுக்குத் தெரியாமல் செய்தது இன்னும் மோசம். கணவன் மனைவி உறவைப் பற்றிய கேள்வித்தாள் ஒன்று உண்டு, 5532 என்ற எண். எப்படி அறிமுகம், முதலில் எங்கே எப்போது பார்த்தீர்கள், கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். விசா அதிகாரி முதலில் கையில் எடுப்பதே அதைத்தான் என்று இப்போது எங்கள் வக்கீல் சொல்கிறார். அதை எங்களுக்குக் காட்டவே இல்லை. "கையெழுத்துப் பக்கம் மட்டும் போதும்" என்று வாங்கிக்கொண்டார்.

பதினாறு மாதம் ஓடியது. கேட்கும்போதெல்லாம் "ப்ராசஸ்ல இருக்கு" என்று ஒரே பதில். கடைசியில் என் கணவர் அங்கே ஐந்து டாலர் கட்டி, தகவல் கோரும் சட்டப்படி எங்கள் ஃபைலில் அதிகாரி எழுதி வைத்திருக்கும் குறிப்புகளைக் கேட்டு வாங்கினார். வந்த தாள்களை அவர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது இங்கே காலை ஆறு மணி. கோலம் போடப் போனவள் வாசலிலேயே நின்று படித்தேன்.

நாங்கள் இருவரும் 2021 விநாயகர் சதுர்த்தி அன்று பிள்ளையார்பட்டியில் சந்தித்துக் காதலித்ததாக எழுதியிருந்தது. நான் அழுதுகொண்டே அப்பச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அந்த வருடம் சதுர்த்தி செப்டம்பர் 10, வெள்ளிக்கிழமை. கொரோனா கட்டுப்பாட்டில் வெள்ளி, சனி, ஞாயிறு கோயில்களில் பக்தர்களை விடாத காலம் அது. இந்தியாவிலிருந்து கனடாவுக்கு நேரடி விமானத்தையே நிறுத்தி வைத்திருந்த சமயம். அதெல்லாம் போகட்டும், என் கணவரின் பாஸ்போர்ட் நகல் அதே ஃபைலில் இருந்தது. 2019க்குப் பிறகு அவர் இந்தியாவுக்கு வந்ததற்கான முதல் முத்திரையே 2023 ஜனவரிதான். அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்.

அந்த முகப்புப் படத்துக்கு "நிச்சயதார்த்தம், மே 2022" என்று தலைப்புக் கொடுத்திருந்தார் ஏஜென்ட். படத்தில் எங்களுக்குப் பின்னால் தூணில் தினக் காலண்டர் தொங்குகிறது. பெரிதாக்கினால் 2023 பிப்ரவரித் தாள் பளிச்சென்று தெரிகிறது. என் கையில் கல்யாண மருதாணி. விலகிய முந்தானைக்குள் சங்கிலியின் ஓரம். அதிகாரியின் குறிப்பில் மூன்றும் இருந்தன.

வாட்ஸ்அப் பேச்சிலும் கை வைத்திருந்தார். ஆறு மாதப் பேச்சை முழுதாகக் கொடுத்திருந்தோம். அவருக்கு இரவு எட்டரை, எனக்குக் காலை ஆறு. சாப்பிட்டீங்களா, அத்தைக்கு மாத்திரை கொடுத்தாச்சா, அங்கே பனி விழுதா என்றுதான் இருக்கும். அதெல்லாம் வேண்டாம் என்று வெட்டிவிட்டு, நாங்கள் எழுதாத வரிகளைச் சேர்த்திருந்தார். ஆங்கிலத்தில். நானும் அவரும் ஒரு நாளும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது கிடையாது.

எனக்கு மனசு ஆறாதது வேறொன்று. நிராகரிப்பதற்கு முன், "இந்த முரண்பாடுகளுக்கு விளக்கம் கொடுங்கள்" என்று கேட்டு அவர்கள் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். முப்பது நாள் அவகாசம். அப்போதே உண்மையைச் சொல்லியிருந்தால் ஏதாவது வழி இருந்திருக்கும். அது வந்தது ஏஜென்ட் தொடங்கிய மின்னஞ்சலுக்கு. விண்ணப்பக் கணக்கையே எங்கள் பெயரில் அவருடைய மின்னஞ்சலை வைத்துத்தான் திறந்திருந்தார். கடிதத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் மூச்சுவிடவில்லை. நிராகரிப்புக் கடிதத்தையும் அப்படியே மறைத்தார்.

கனடாவில் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு குடிவரவு விஷயத்தில் ஆலோசனை சொல்லவோ விண்ணப்பிக்கவோ அங்கே உரிமம் உள்ளவர்களுக்குத்தான் அனுமதி: வக்கீல் சங்கங்களில் பதிந்தவர்கள், கியூபெக் நோட்டரிகள், 2021 நவம்பரிலிருந்து இயங்கும் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற உரிமம் வழங்கும் அமைப்பின் உறுப்பினர்கள். ஆள் இந்தியாவில் உட்கார்ந்திருந்தாலும் இதே விதிதான். உறுப்பினர் பட்டியல் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது, பெயரைத் தட்டினால் போதும். உரிமம் உள்ளவர் 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரையும் எண்ணையும் எழுதிக் கையெழுத்துப் போடுவார். எங்கள் ஏஜென்ட் அந்தப் படிவத்தைத் தொடவே இல்லை. அதனால் கனடாவின் கண்ணுக்கு அப்படி ஒரு ஆளே இல்லை. பொய் முழுவதும் எங்கள் கையெழுத்தில் நிற்கிறது.

"பதினோரு நாள் கல்யாணத்தை எவன் நம்புவான்" என்றாரே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணம் அந்த அதிகாரிகளுக்குப் புதிது கிடையாது. அவர்கள் விதிப்படி பார்ப்பது இரண்டு: குடியேறுவதையே முக்கிய நோக்கமாக வைத்துக் கல்யாணம் செய்தார்களா, உறவு உண்மையானதா. 2010 செப்டம்பரிலிருந்து இரண்டில் ஒன்றில் தவறினாலே போதும், நிராகரிக்கலாம். உண்மை என்று நிரூபிக்கும் பொறுப்பு நம்முடையது. சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் கட்டாயம் வேண்டும். தமிழ்நாட்டில் கல்யாணமான 90 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும், நாங்கள் காரைக்குடியில் பதிந்தோம். ஆனால் அது கல்யாணம் நடந்தது என்பதற்குத்தான் சாட்சி. நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக வாழ்கிறோம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அது எங்களிடம் பை நிறைய இருந்தது. ஆத்தா கொண்டுபோன அதே பை.

இப்போது டொரோண்டோவில் உரிமம் உள்ள ஒரு வக்கீல் எங்களுக்காக வேலை செய்கிறார். நிராகரிப்புக் கடிதம் வந்த முப்பது நாளுக்குள் மேல்முறையீடு போட வேண்டும். எங்களுக்கு அது கடந்துபோயிருந்ததால் முதலில் அவகாசம் கேட்டு மனுப் போட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். ஸ்பான்சர் செய்தவர் என்ற முறையில் என் கணவர்தான் மேல்முறையீடு செய்ய முடியும். புதிய ஆதாரங்களையும் அங்கே வைக்கலாம். வக்கீல் என்னிடம் வீடியோ காலில், வீட்டில் இருக்கும் எதையும் சின்னது என்று ஒதுக்காதீர்கள் என்றார். இசைகுடிமானத்தை எடுத்துக் காட்டியதும், இது என்ன, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று குறித்துக்கொண்டார். தமிழில் இருக்கும் ஒவ்வொரு தாளையும் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் பிரமாணப் பத்திரத்தோடு வைக்க வேண்டும். சொந்தக்காரர் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது. மதுரையில் ஒருவரைப் பிடித்துச் செய்தோம். மொய் நோட்டில் முதல் பத்துப் பக்கம், புள்ளி வரி ரசீது, கோயில் கடிதம் எல்லாம் போயின.

அத்தைக்கு இடுப்பு எலும்பு முறிந்து மதுரையில் ஆபரேஷன் நடந்தபோது சம்மதப் பத்திரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். "நோயாளிக்கு உறவு" என்ற இடத்தில் "மருமகள்" என்று எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்த அனுமதிச் சீட்டும் இருந்தது. அதை ஆதாரமாகக் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வக்கீல்தான் கேட்டு வாங்கினார்.

அவர் சொன்ன இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பலர் இதில் தவறுகிறார்கள். கணவரோ மனைவியோ அங்கே வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது கல்யாணமானவர் என்று மாற்ற வேண்டும். விண்ணப்பத்தில் கல்யாணமானவர், வரித்தாளில் தனி ஆள் என்று இருந்தால் அதுவும் முரண்பாடுதான். என் கணவர் நல்லவேளையாக 2023 கணக்கிலேயே மாற்றியிருந்தார். படங்களும் மூட்டை மூட்டையாக வேண்டாம், சரிபார்ப்புப் பட்டியலிலேயே 20 படம், பத்துப் பக்கம் பேச்சு என்றுதான் வரம்பு இருக்கிறது. சாப்பிட்டீங்களா என்று கேட்ட பேச்சே போதும்.

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வந்ததை இந்த வளவில் கதையாகக் கேட்டிருக்கிறேன். பெண்கள் கடிதத்துக்காகக் காத்திருந்த அதே பட்டாலையில், இந்த வீட்டுக் கூடத்தில், நான் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுக்கு வேறு வழி இல்லை. எனக்கு வழி இருந்தது, ஒருவன் காசு வாங்கிக்கொண்டு அடைத்துவிட்டான்.

பணத்தைக் கேட்டுப் போனபோது, "கையெழுத்து உங்களதுதானே, என் மேல என்ன கேஸ் போடுவீங்க?" என்றார். சிவகங்கை மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் மனுப் போட்டிருக்கிறோம். ஐந்து லட்சத்துக்கு உட்பட்ட தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது இல்லாததால் அந்த ஆளின் வாட்ஸ்அப் குரல் பதிவுகளைத்தான் சாட்சியாக வைத்திருக்கிறோம். மேல்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை.

ஏற்கெனவே யாரிடமாவது ஃபைல் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் இன்றைக்கே மூன்று காரியம் செய்யுங்கள். விண்ணப்பக் கணக்கு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று கேட்டு, கடவுச்சொல்லை உங்கள் கைக்கு வாங்குங்கள். அனுப்பிய கேள்வித்தாளின் நகலை வாங்கி, கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒவ்வொரு தேதியையும் பாஸ்போர்ட்டோடு வைத்துப் பாருங்கள். தப்பு இருந்தால், அவர்கள் கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன்னால் நீங்களே எழுதித் திருத்துங்கள். நகலைக் கொடுக்க மாட்டேன் என்று ஏஜென்ட் இழுத்தடித்தால், அங்கே இருப்பவரை ஐந்து டாலர் கட்டிக் குறிப்புகளைக் கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் அதை ஒரு வருடம் முன்னால் செய்திருந்தால் அந்த முப்பது நாள் எங்களுக்குக் கிடைத்திருக்கும்.