வியூ எல்லாம் சரி, வண்டி ஏறுமா?

கேரவன் என்றால் நம் ஊரில் ஷூட்டிங்தான். காலாண்டு லீவுக்கு மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குக் கிளம்பி வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தியதுமே நாலு பேர் கிட்டே வந்து "உள்ள யாரு சார்?" என்று கேட்டார்கள். திரையை விலக்கி எங்கள் அம்மா எட்டிப் பார்த்ததும் பேசாமல் போய்விட்டார்கள்.

டிராவலர் வேனைக் கேரவனாக மாற்றிய வண்டி அது. நாலு படுக்கை, ஒரு குட்டி கிச்சன், வெஸ்டர்ன் டாய்லெட், கூரையில் ஏசி, டிரைவர் அண்ணனும் வாடகையில் சேர்த்தி. அம்மாவுக்கு மூட்டுவலி, மலையில் நினைத்த இடத்தில் உட்காரும் டாய்லெட் கிடைக்காது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. வண்டியைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சொல்ல வேண்டியது, அதை ராத்திரி நிறுத்திய இரண்டு இடங்களைப் பற்றி. இரண்டின் பெயரையும் போடவில்லை. முதல் இடத்துக்காரர் பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், இரண்டாவது இடத்தில் மொத்தமே இரண்டு வண்டிதான் நிற்கும், பெயரைப் போட்டால் அடுத்த லீவுக்கு எனக்கே இடம் இருக்காது.

முதல் இடம் பெருமாள்மலைப் பக்கம் ஒரு டென்ட் கேம்ப். போட்டோவைப் பார்த்தே புக் பண்ணியது என் தப்பு. பள்ளத்தாக்கு, பனிமூட்டம், மரத்துக்கு மரம் சீரியல் பல்பு, நடுவில் இரண்டு மூங்கில் நாற்காலி. போனில் "எல்லா வண்டியும் வரும் சார்" என்றார்கள். போய்ப் பார்த்தால் மெயின் ரோட்டிலிருந்து முந்நூறு மீட்டர் மண் பாதை, பாதியில் ஒரு வளைவு, முந்தின ராத்திரி மழை வேறு. டிரைவர் அண்ணன் இறங்கி நடந்தே போய்ப் பார்த்துவிட்டு, செருப்பில் கிலோ கணக்கில் செம்மண்ணோடு திரும்பி வந்து ஒரே வரியில் முடித்தார்: "சார், இறங்கிரும். ஏறாது."

அங்கே இருந்த பையன் "நேத்துகூட இன்னோவா வந்துச்சுண்ணே" என்றான். எங்கள் வண்டி ஏழு மீட்டர் நீளம், ஏசியோடு சேர்த்தால் மூன்று மீட்டருக்குக் கிட்ட உயரம். அந்த வளைவுக்கு மேலே ஒரு பட்டர் ஃப்ரூட் மரத்தின் கிளை சரியாக எங்கள் ஏசி உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னோவா அதை நிமிர்ந்துகூடப் பார்த்திருக்காது.

கடைசியில் கேட்டுக்கு வெளியே, சரிவாக இருந்த ஒரு துண்டு நிலத்தில் நிறுத்தச் சொன்னார்கள். டிரைவர் அண்ணன் டயருக்குக் கட்டை போட்டுவிட்டு, எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரை வழிய வழிய ஊற்றி மேஜையில் வைத்தார். ஒரு பக்கம் வழிந்தது, எதிர்ப்பக்கம் விளிம்புக்குக் கீழே ஒரு விரல்கடை காலி. "தலைய மேட்டுப் பக்கம் வச்சுப் படுங்க" என்று சொல்லிவிட்டு அவர் டென்டுக்குப் போய்விட்டார், புத்திசாலி. நாங்கள் படுத்தோம் என்றா சொல்வது, வழுக்கினோம். விடிகாலை நாலு மணிக்கு அம்மா இருட்டில் எழுந்து உட்கார்ந்து "டேய், ராத்திரி பூரா சறுக்கிக்கிட்டே இருக்கேன்டா" என்றார். டாய்லெட் கதவு தானாகத் திறந்து திறந்து அடித்துக்கொண்டது. என் மகனுக்கு மட்டும் சந்தோஷம், கோலியை ஒரு முனையில் விட்டால் மறுமுனைக்கு ஓடுகிறதாம்.

கரண்ட் கதை தனி. சமையலறை ஜன்னல் வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை நீட்டினார்கள். வண்டியில் இருக்கும் கெய்சர் 2,000 வாட்ஸ், அதாவது ஒன்பது ஆம்ப்ஸுக்குக் கிட்ட இழுக்கும். அவர்கள் கொடுத்ததோ சாதாரண 5 ஆம்ப்ஸ் பிளக். என் மனைவி கெய்சர் சுவிட்சைத் தட்டினாள், மொத்த கேம்பும் இருண்டது, டென்டுகளிலிருந்து ஒரே கூச்சல். 15 ஆம்ப்ஸ் பவர் பிளக் இருக்கிறதா என்று புக் பண்ணும்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

காலையில் டாய்லெட் டேங்கை எங்கே கொட்டுவது என்று கேட்டதும் அந்த இடத்துக்காரர் முகமே மாறிவிட்டது. கேரவன் வரும் என்று போர்டு வைத்தவருக்கு, கேரவனுக்குள் டாய்லெட் இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. நியாயமான மனிதர், பாதிப் பணத்தை உடனே ஜிபேயில் போட்டுவிட்டார்.

அடுத்த இடத்தை எங்களுக்குச் சொன்னது ஒரு காய்கறி லாரி டிரைவர். டீக்கடையில் எங்கள் டிரைவர் அண்ணன் புலம்பியதைக் கேட்டுவிட்டு, பூம்பாறைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டம் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். ஊருக்குள் ஏரிச் சாலைப் பக்கம் ஒரு காட்டெருமை கார்களுக்கு நடுவே பத்து நிமிஷம் நின்று எல்லாரையும் நிறுத்தி வைத்தது, அதைத் தவிர வழியில் தொல்லை இல்லை.

அந்த இடத்தில் வியூ என்று ஒன்றுமே இல்லை. ஒரு பக்கம் தகர ஷெட், ஒரு பக்கம் சுவர், மீதி கோஸ் தோட்டம். முன்பு கேரட் கழுவி மூட்டை கட்டி லாரியில் ஏற்றிய சிமென்ட் களம் அது. எனக்கு முகம் தொங்கிவிட்டது, டிரைவர் அண்ணனுக்கு மலர்ந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள், லோடு லாரி வந்து திரும்பிப் போன பாதை, அதனால் வளைவு அகலம், கிளையெல்லாம் வெட்டியிருக்கும். கழுவுகிற இடம், அதனால் கனமான குழாய், வடிகால் எல்லாம் இருக்கும். மெஷின் ஓடிய இடம், அதனால் நல்ல வயரிங். தண்ணீர் வடிவதற்காகத் தரையில் லேசான சரிவு மட்டும் உண்டு. பின் டயருக்கு ஒரு பலகை கொடுத்ததும் டம்ளர் தண்ணீர் நாலு பக்கமும் சமமாக நின்றது. அம்மா அன்றைக்கு எட்டு மணி வரை தூங்கினார்.

டாய்லெட் டேங்கைத் தன் வீட்டுக் கக்கூஸிலேயே கொட்டச் சொன்னார் தோட்டக்காரர். ஒரே நிபந்தனை, "அந்த நீல மருந்த மட்டும் கலக்காதீங்க தம்பி, செப்டிக் டேங்க்ல இருக்கிற புழு செத்துரும்." நீல மருந்து என்றது டாய்லெட் டேங்க் நாறாமல் இருக்க ஊற்றுவதை. அவர் புழு என்றது பாக்டீரியாவை, ஆனால் விஷயம் சரிதான்.

குறையும் சொல்ல வேண்டும். சிக்னல் ஷெட்டின் ஒரு மூலையில்தான் வரும். கடை இல்லை. ராத்திரி நாய்கள் எதையோ பார்த்துக் குரைத்துக்கொண்டே இருந்தன. பத்து நிமிஷம் மேலே நடந்தால்தான் பூம்பாறையின் படிப்படியான வயல்கள் கண்ணில் படும். அந்தக் காட்சி முதல் இடத்து போட்டோவை விட நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம். ஒரு ராத்திரிக்கு 1,500 ரூபாய், கரண்டும் தண்ணீரும் சேர்த்து.

சமையல் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் அம்மா சாதத்தைத் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டு "தண்ணி கொதிக்குது, அரிசி வேக மாட்டேங்குதே" என்று நின்றுகொண்டிருந்தார். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. குக்கர் இல்லாமல் போகாதீர்கள்.

இ-பாஸும் மறக்க வேண்டாம், மலைக்கு வண்டி ஏற ஆன்லைனில் பதிந்து வாங்கும் அனுமதி அது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கட்டாயம். அதில் வண்டி நம்பர் கேட்பார்கள், வாடகை வண்டிக்காரர்கள் கடைசி நாளில் வேறு வண்டியை அனுப்பினால் திரும்பவும் பதிய வேண்டும்; எங்களுக்கு அதுதான் நடந்தது, வாடிப்பட்டி தாண்டுகிற வரை நான் போனைக் கீழே வைக்கவில்லை. ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மேலே தடை, ஒரு பெரிய கேனாக வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் மறுபடி போகலாம் என்று வேறு சில இடங்களுக்கும் போன் போட்டேன். இப்போதெல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், மெயின் ரோட்டிலிருந்து வண்டி நிற்கிற இடம் வரை நடந்துகொண்டே ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று. இருவர் அனுப்பினார்கள். ஒருவர் சூரிய உதயத்தை அனுப்பினார்.

கடைசியாக, பூம்பாறையில் மலைப்பூண்டு வாங்காமல் வர மாட்டீர்கள், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, வாங்க வேண்டியதுதான். நாங்கள் மூன்று கிலோ வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தோம். கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்ட வண்டியில் மதுரை வரை அந்த வாசனையோடு வந்தோம். வண்டியைத் திருப்பி எடுக்க வந்தவர் கதவைத் திறந்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றார்.