பெயரில்லாப் பாட்டிலா, பாதி விலை லேபிளா, பழைய ஆண்டுச் சரக்கா?

ஆஸ்திரேலியாவில் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. மதுக்கடைகள் கையிருப்பைக் கழித்துவிடப் பார்க்கும் மாதம் அது. மெல்பர்னில் குளிரும் இறங்கியிருக்கும், ரெட் ஒயினுக்கு ஏற்ற நேரம். போன ஜூனில் நானும் என் கணவரும் ஒரே வாரத்தில் மூன்று விதமான தள்ளுபடிச் சரக்கை வாங்கினோம். எது லாபம் என்று வீட்டிலேயே வாக்குவாதம் வந்ததால், ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி, எது எதுவென்று தெரியாமல் மூன்று நாள் குடித்துப் பார்த்தோம். அதில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலாவது கிளீன்ஸ்கின். தயாரிப்பாளர் பெயர் இல்லாத வெற்றுப் பாட்டில். மதுவின் அளவு, கொள்ளளவு, விற்பவரின் முகவரி போன்ற சட்டப்படியான விவரங்கள் மட்டும் இருக்கும். நாங்கள் வாங்கியது 2022 ஷிராஸ் (ஒரு ரெட் ஒயின் திராட்சை வகை), பாட்டில் 7 டாலர். இரண்டாவது, சவுத் ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதியிலிருந்து ஒரு ஷிராஸ். 28 டாலரை அடித்துவிட்டு 12 என்று எழுதியிருந்தார்கள். கனமான பாட்டில், பொன்னிற எழுத்து, இரண்டு பதக்க ஸ்டிக்கர். மூன்றாவது, அதே மாநிலத்தின் லாங்ஹோர்ன் கிரீக்கில் குடும்பமாக ஒயின் செய்யும் ஒருவரின் 2019 கேபர்னே சாவின்யோன், அதுவும் ஒரு ரெட் ஒயின் திராட்சை வகை. புது ஆண்டுச் சரக்கு, அதாவது அடுத்த அறுவடையின் ஒயின், வந்துவிட்டதால் 25இலிருந்து 14க்கு இறக்கியிருந்தார்கள்.

இவ்வளவு மலிவாக ஒயின் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டால், பதிலில் பெரும்பங்கு சீனா. 2020 நவம்பரில் ஆஸ்திரேலிய ஒயினுக்கு முதலில் தற்காலிகமாகவும், 2021 மார்ச்சில் உறுதியாகவும் சீனா கூடுதல் வரி போட்டது. பாட்டில் ஒயினுக்கு அது 116 முதல் 218 சதவீதம் வரை போனது. மதிப்பளவில் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஏற்றுமதிச் சந்தை ஒரே வீச்சில் மூடிக்கொண்டது. சீனா வாங்கியதில் பெரும்பாலும் ரெட் ஒயின்தான். 2023இல் தேங்கிக் கிடந்த ஒயின் 200 கோடி லிட்டருக்கும் மேல், அதாவது ஏறக்குறைய இரண்டு ஆண்டு உற்பத்திக்குச் சமம், என்று வேளாண் துறைக்குக் கடன் கொடுக்கும் ராபோபேங்க் வங்கி கணக்கிட்டது. வரி 2024 மார்ச்சில் நீங்கிவிட்டது, ஆனால் அதற்குள் முர்ரே ஆற்றங்கரையில் ரிவர்லேண்ட் பகுதி விவசாயிகள் பலர் கொடியை வெட்டிப் போட்டுவிட்டார்கள். 7 டாலர் பாட்டிலைக் கையில் எடுக்கும்போது அவர்கள் நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

சரி, சுவைக்கு வருவோம். முதல் நாள் இரவு மூன்றுமே தேறின. உண்மையைச் சொன்னால் என் கணவர் முதலிடம் கொடுத்தது பரோசா ஷிராஸுக்கு. வெனிலா வாசனை, சாக்லேட் போல ஒரு திரட்சி, வாயை நிறைக்கும் இனிப்பு. கிளீன்ஸ்கின் நாவல்பழச் சாறு மாதிரி எளிமையாக இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. கேபர்னேதான் முதல் வாயில் கொஞ்சம் இறுக்கமாக, பாக்கு மென்றது போன்ற துவர்ப்போடு நின்றது. அன்றோடு நிறுத்தியிருந்தால் தீர்ப்பு வேறாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் சாதாரண நாளில் ஆளுக்கு ஒரு கிளாஸ்தான், அதற்கு மேல் கிடையாது. 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். முதல் நாள் இரண்டு போனால் மூன்று கிளாஸ் மிச்சம். ஆகவே எங்களுக்கு ஒரு பாட்டிலின் பாதிக்கு மேல் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் குடிக்கப்படுகிறது. சிறு குடும்பங்கள் பலவற்றிலும் இதுதான் நிலைமை என்று நினைக்கிறேன். அப்படியிருக்க, ஒயினைத் திறந்த முதல் பத்து நிமிடத்தில் மதிப்பிட்டு விலை சரியா என்று சொல்வது எனக்குப் பொருந்தவே இல்லை.

திருகு மூடியைப் போட்டுச் சமையலறை மேடையிலேயே வைத்துவிட்டு மறுநாள் மாலை ஊற்றினோம். கிளீன்ஸ்கினில் பழம் காணாமல் போயிருந்தது. வாசனை ஆறிப்போன கறுப்புத் தேநீர் மாதிரி, கடைசியில் ஒரு வெறும் புளிப்பு. பரோசா ஷிராஸின் மாற்றம் இன்னும் தெளிவாக இருந்தது. வெனிலா தனியாகப் பிரிந்து மரத்தூள் வாசனையாகிவிட்டது. அதற்கு அடியில் இருந்த 15 சதவீத ஆல்கஹால் தொண்டையில் எரிந்தது. கேபர்னே மட்டும் முந்தின நாளைவிட நன்றாக இருந்தது. துவர்ப்பு இளகி, கருந்திராட்சையும் லேசான புதினா வாசனையும் மேலே வந்திருந்தன. மூன்றாம் நாள் கடைசிக் கிளாஸ் வரை அது தளரவில்லை.

காரணம் ஊகிக்கக் கூடியதுதான். திறந்த பாட்டிலுக்குள் காற்று போகிறது, காற்று பழ வாசனையைத் தின்கிறது. துவர்ப்பும் புளிப்பும் பழச்செறிவும் போதுமான அளவு இருக்கும் ஒயின் அதைத் தாங்கும். ஓக் மரப் பீப்பாயில் வைத்து முதிர்த்தால் மரத்தின் வெனிலா வாசனை ஒயினோடு கலந்து ஒன்றாகும். மலிவு ஒயின்களில் பல நேரம் தொட்டிக்குள் ஓக் சீவலைப் போட்டு அந்த வாசனையை ஏற்றுகிறார்கள். அது தப்பு இல்லை, சட்டப்படி செய்யக்கூடியதுதான். ஆனால் பூச்சு போனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது மறுநாள் தெரிந்துவிடுகிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கிளீன்ஸ்கினில் முதல் நாள் இரண்டு கிளாஸ் குடித்து மிச்சத்தைக் குழம்பிலோ கழுநீர்த் தொட்டியிலோ ஊற்றினால், குடித்த கிளாஸ் ஒன்று மூன்றரை டாலர். பரோசா அதே கணக்கில் 6 டாலர். 14 டாலர் கேபர்னேயை ஐந்து கிளாஸும் ரசித்துக் குடித்ததால் கிளாஸ் 2 டாலர் 80 சென்ட். மூன்றில் விலை கூடிய பாட்டில்தான் எங்கள் வீட்டில் மலிவானது.

இந்தச் சோதனைக்கு ஒரு ஓட்டை உண்டு. மீதச் சர்க்கரை (நொதித்த பிறகும் ஒயினில் தங்கிவிடும் சர்க்கரை) அதிகமுள்ள ரெட் ஒயின் மறுநாளும் சுகமாகவே இருக்கும், இனிப்பு எல்லாக் குறையையும் மூடிவிடும். அதனால் இனிப்பை ஒதுக்கிவிட்டு, விழுங்கிய பிறகு வாயில் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இன்னொன்று, கிளாஸில் ஊற்றும் முன் பாட்டிலை இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். கோடையில் 28 டிகிரி அறையில் எந்த ஆஸ்திரேலிய ஷிராஸும் எரியத்தான் செய்யும், அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

தள்ளுபடி ஏன் வந்தது என்பதையும் கேட்டுப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். பரோசா பாட்டிலின் பின்பக்கத்தை அப்புறம்தான் படித்தேன். ஒயினகத்தின் பெயர் போலத் தெரிந்தது அந்தக் கடைக்காரர்களின் சொந்த லேபிள். வேறு எங்கும் அது கிடைக்காது, ஆகவே 28 டாலருக்கு அது எப்போதாவது விற்றதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியே இல்லை. கேபர்னேயை ஒயினகமே தன் தளத்தில் 25 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தது. அந்த 11 டாலர் இறக்கம் நிஜம். அலமாரியில் அடுத்த ஆண்டுக்கு இடம் வேண்டும் என்பதற்காக வந்த இறக்கம், ஒயினில் குறை வந்து அல்ல. சொந்த லேபிள்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை, ஆல்டி என்ற சூப்பர்மார்க்கெட்டின் நல்ல மலிவு ரெட் குடித்திருக்கிறேன். ஆனால் அங்கே பழைய விலையை அடித்துக் காட்டி நம்மை இழுப்பதில்லை.

ஊர்ப் பெயரும் உதவும். லேபிளில் ஒரு பகுதியின் பெயர் போட்டால் குறைந்தது 85 சதவீதம் பழம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியச் சட்டம், ஆண்டுக்கும் திராட்சை வகைக்கும் அதே விதி. 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்றிருந்தால் அது நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, டாஸ்மேனியா முழுவதும், குயின்ஸ்லாந்து, சவுத் ஆஸ்திரேலியாவின் பகுதிகளும் சேர்ந்த நிலப்பரப்பு. அந்தப் பெயரை வைத்து எதையும் சொல்ல முடியாது. பரோசா, கூனவாரா போன்ற பிரபல ஒயின் பகுதிகள் என்றால் பெயருக்கே விலை. லாங்ஹோர்ன் கிரீக் நெடுங்காலமாகப் பெரிய நிறுவனங்களின் கலவைகளுக்குப் பழம் கொடுத்து வந்த ஊர். ஏரிக்காற்று தணிக்கும் இடம் என்பதால் கேபர்னே மென்மையாக வரும், பெயர் அவ்வளவு பிரபலம் இல்லாததால் தள்ளுபடியும் ஆழமாக இருக்கும்.

பழைய ஆண்டுச் சரக்கிலும் ஏமாற இடமிருக்கிறது. மூடியின் விளிம்பு நசுங்கியிருந்தால் எடுக்காதீர்கள், காற்று புகுந்திருக்கலாம். கழுத்தில் பிசுபிசுப்பு தெரிந்தால் எங்கோ வெயிலில் வெந்த பாட்டிலாக இருக்கலாம். கடை ஜன்னலோரம் நின்றதும் வேண்டாம். நான் வாங்குவது ஐந்தாறு ஆண்டு வரைதான். பத்து ஆண்டு தாண்டிய தள்ளுபடிப் பாட்டில்களில் நான் குடித்தது இரண்டே இரண்டு, ஒன்று அருமை, ஒன்று செத்துப்போயிருந்தது. இரண்டை வைத்து உங்களுக்கு ஆலோசனை சொல்ல மாட்டேன். ஒன்றை வாங்கி மூன்று நாள் குடித்துப் பார்த்துவிட்டு, பிடித்தால் உடனே போய் மிச்சத்தை வாங்குங்கள். பழைய ஆண்டுச் சரக்கு தீர்ந்தால் திரும்ப வராது.

கிளீன்ஸ்கினை முழுவதும் ஒதுக்கிவிடவும் இல்லை. டிசம்பரில் வீட்டுக்குப் பத்துப் பேர் வருவார்கள், கொல்லையில் கரி மூட்டி ஆட்டுக்கறி சுடுவோம், திறந்த பாட்டில் எதுவும் அரை மணி நேரத்தில் காலியாகிவிடும். கிளாஸ் 1 டாலர் 40 சென்டுக்கு அன்று அதைவிட நல்லது கிடைக்காது. மிச்சமிருந்த பதினொரு கிளீன்ஸ்கின் பாட்டிலும் அதற்காக மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன.