குதிரை ஏற்ற வண்டி பேசுகிறவர்கள் கவனத்துக்கு: வாடகை குறைவாகச் சொன்னால் அதில் என்ன இல்லை என்று கேளுங்கள்

அந்தியூர் சந்தையிலோ வேறு எங்கோ குதிரை வாங்கி ஊருக்குக் கொண்டுவர வண்டி தேடுகிறவர்கள், அதிலும் நம்ம குமரி மாவட்டம் மாதிரிக் கடைக்கோடியில் இருப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். போன ஆடியில் ஒரு வண்டித் தரகர் எனக்குச் செய்ததை அப்படியே எழுதுகிறேன். பெயரும் நம்பரும் போடவில்லை. நோட்டீஸ் போயிருக்கிறது, முடிகிற வரை வெளியில் பெயர் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. இந்த ஆள் போனால் இன்னொரு ஆள் இதே கதையோடு வருவான். கதை தெரிந்தால் போதும்.

நான் தோவாளைப் பக்கம். வீட்டில் இரண்டு குதிரை நிற்கிறது. கல்யாண ஊர்வலம், கோயில் கொடை, சர்ச் திருவிழா என்று கூப்பிட்டால் போவோம். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு மார்வாரி இனப் பெட்டைக் குதிரை கண்ணில் பட்டது. காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடும். சாதுவானது, கூட்டத்தில் மிரளாது. விலையும் படிந்தது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 480 கிலோமீட்டர்.

இரண்டு இடத்தில் வாடகை கேட்டேன். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் 34,000 சொன்னார், டோல் தனி. இன்னொருவர் 21,000, "டோல், பேட்டா எல்லாம் இதுலயே வந்திடும் சார்" என்றார். வாட்ஸப்பில் போட்டோவும் வந்தது. உள்ளே சுற்றிலும் மெத்தை வைத்துத் தைத்த பதினான்கு அடி வண்டி, தரையில் ரப்பர் மேட், பின்னால் இறங்குவதற்குச் சரிவுப் பலகை. "உங்க குதிரை மட்டும்தான் சார், வேற லோடு ஏத்த மாட்டோம். இன்சூரன்ஸ் ஃபுல்லா இருக்கு. ராத்திரி ஏத்தினா காலைல எட்டு மணிக்கு உங்க வாசல்ல." இது அத்தனையும் வாய்ஸ் மெசேஜாக என்னிடம் இருக்கிறது. 10,000 முன்பணம் ஜிபே செய்தேன்.

வந்தது அந்த வண்டி இல்லை. சாதாரணச் சரக்கு லாரி, மேலே குறுக்குக் கம்பி போட்டுத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். துணைக்குப் போன அக்கா மகன் போன் செய்தபோது நானே தரகரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்த வண்டி எஃப்.சிக்குப் போயிருக்கு சார், இதுவும் நம்ம வண்டிதான்" என்றார். எஃப்.சி. என்றால் வண்டிக்கு எடுக்கிற தகுதிச் சான்று. சந்தை கலைந்துகொண்டிருந்தது, மழைக்கோலம் வேறு. ராத்திரி ஏழு மணிக்குக் குதிரை ஏறியது.

கரூரில் மருமகனிடமிருந்து மறுபடி போன். "மாமா, இங்க பெட்ஷீட் பேல் ஏத்துறாங்க. குதிரையை முன்னால தள்ளி நெருக்கிக் கட்டிட்டாங்க. கேட்டா டிரைவரு, ஓனர் சொன்னது தம்பி, நீ போய்த் தூங்குன்னு சொல்றாரு." தரகர் போனை எடுக்கவில்லை. அந்த பேல், அதாவது துணிக்கட்டு, மதுரையில் ஒரு குடோனில் இறங்க வேண்டும், குடோன் திறப்பதோ காலை ஒன்பதரைக்கு. அதுவரை பெட்டை வண்டிக்குள்ளேயே நின்றது. பையன் பெட்ரோல் பங்கில் கெஞ்சி வாளியில் தண்ணீர் பிடித்துக் காட்டியிருக்கிறான்.

மதியம் இரண்டு மணி வாக்கில் காவல்கிணறு விலக்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் எனக்குப் போன் செய்தார். பைக்கில் போனேன். ஆடிக் காற்று எப்படியென்று முப்பந்தல் வழியே போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து பளார் பளாரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே குளம்புச் சத்தம். டிரைவர் கையில் ஒரு துண்டுச் சீட்டு: மதுரையில் காத்திருந்ததற்கு ஹால்டிங் 3,000, மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள் வர 2,500, ஏற்றுக்கூலி இறக்குக்கூலி 1,500. அவர்களுடைய பேலுக்காக அவர்கள் காத்திருந்ததற்கு நான் ஹால்டிங் கொடுக்க வேண்டுமாம். மீதி வாடகையோடு சேர்த்து 18,000 வந்தால்தான் பின்கதவைத் திறப்பேன், இல்லையென்றால் வண்டியைத் திருப்பிவிடுவேன் என்றார். உள்ளே ஒரு உயிர் நிற்கும்போது என்ன பேரம் பேசுவது? இரும்போ சிமெண்டோ என்றால் "திருப்பிக்கொண்டு போ" என்று சொல்லிப் பார்க்கலாம். அது அவர்களுக்கும் தெரியும். பணம் போனது.

வீட்டில் இறக்கச் சரிவுப் பலகை கிடையாது. தென்னந்தோப்பு வரப்பில் பின்பக்கத்தை ஒட்டி நிறுத்திவிட்டு, "குதிரைதானே அண்ணாச்சி, குதிச்சிரும்" என்றார். உள்ளே ஏறிப் பார்த்தேன். ரப்பர் மேட் எங்கே? வெறும் இரும்புத் தகடு, மேலே ஒரு கை வைக்கோல், அதுவும் மூத்திரத்தில் ஊறி வழுவழுவென்று. தலைக்கயிற்றை மேல் கம்பியில் ஒரு சாண் விட்டுக் கட்டியிருந்தார்கள். வலது இடுப்பெலும்பில் உள்ளங்கை அகலம் தோல் உரிந்திருந்தது, பின்னங்கால் முட்டி இரண்டும் சிராய்ப்பு. தோப்பில் இறங்கியதும் தலையைத் தரையோடு தொங்கவிட்டு இருமத் தொடங்கியது. மூக்கில் சளி. மறுநாள் காய்ச்சல் 103.

கால்நடை மருத்துவர் சொன்னது எனக்குப் புதுப் பாடம். குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் வெளியே வடியும். ராத்திரி முழுக்கத் தலையைத் தூக்கிக் கட்டினால் அதெல்லாம் நுரையீரல் பக்கம் இறங்கிவிடும். மூத்திர நெடியும் சேர்ந்தால் பயணக் காய்ச்சல் வர வேறு ஒன்றும் வேண்டாம். புண்ணுக்கு உடனே டெட்டனஸ் ஊசி போட்டார். அந்த நோய்க்குக் குதிரை அளவுக்குப் பலவீனமான வீட்டு விலங்கு குறைவு, சின்னச் சிராய்ப்பையும் விடக் கூடாது என்றார். ஆன்டிபயாட்டிக், குளுக்கோஸ் என்று ஓடி, பெட்டை தேறிவிட்டது. இடுப்பில் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது, அது இனிப் போகாது. இந்த மாதிரி நேரத்தில் 1962 என்ற எண்ணுக்கு அடித்தால் அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். நிலைமை மோசமென்றால் நமக்குப் பக்கம் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி.

சரி, விதி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். விலங்குப் போக்குவரத்து விதிகள் 1978-லேயே வந்துவிட்டன. குதிரைக்கென்று தனியாகவே எழுதியிருக்கிறது. பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்று வேண்டும். தரை வழுக்கக் கூடாது. குதிரைக்கும் குதிரைக்கும் நடுவே எட்டு சென்டிமீட்டர் பருமனுள்ள மூங்கில் தடுப்பு வேண்டும். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்து மிரளாமல் இருக்கத் தலை இடது பக்கம் பார்த்து நிற்க வேண்டும். வண்டிக்கு ஒரு ஆள் துணை. வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இந்தக் கடைசி விதி ஒன்றே தரகரைச் சோதிக்கப் போதும். 480 கிலோமீட்டரை 35-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம். நடுவில் தண்ணீர் காட்ட, நிறுத்தி இளைப்பாற்ற என்று இன்னும் கூடும். "ராத்திரி ஏத்தினா காலைல வாசல்ல" என்று ஒருவர் சொன்னால், எப்படி ஓட்டப்போகிறார் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

2016 ஜனவரியில் அமலான மோட்டார் வாகன விதித் திருத்தம் இன்னொன்று சொல்கிறது. விலங்கு ஏற்றும் வண்டியில் நிரந்தரத் தடுப்பு இருக்க வேண்டும், குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டர் இடம் வேண்டும், அந்த வண்டியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது. அப்படி மாற்றிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. தனி அனுமதி தர வேண்டும். பெட்ஷீட் பேலோடு குதிரை வந்தது என்பதே என் புகாரில் முதல் வரி.

"இன்சூரன்ஸ் ஃபுல்" என்றாரே, அது பொய்யில்லை. வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. மோட்டார் பாலிசி வண்டிக்கும், வண்டியால் மூன்றாம் நபருக்கு வரும் சேதத்துக்கும்தான். ஏற்றிய சரக்குக்கு அதில் பைசா வராது, குதிரையும் அங்கே சரக்குதான். பயணத்தில் விலங்குக்குக் காப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும். யார் பெயரில், எந்தத் தேதிக்கு என்று நகலைக் கேளுங்கள்.

இதற்கப்புறம் வீட்டில் எல்லோரும் ஒரே குரலாக, "சொந்தமா ஒரு வண்டி வாங்கிப் போடுவோம்" என்றார்கள். மச்சினன் அன்றே ஒரு பழைய பதினான்கு அடி வண்டியைப் பார்த்துவிட்டு வந்தான். ஏழு லட்சம். தடுப்பு, மெத்தை, மேட், சரிவுப் பலகை செய்ய வெல்டிங் பட்டறையில் ஒன்றரை லட்சம் சொன்னார்கள். கோபத்தில் வாங்கியிருப்போம். ஒரு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

அந்த வண்டி லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கொடுக்கும். அந்தியூருக்குப் போய்வர டீசலே பத்தாயிரத்தைத் தாண்டும். டிரைவர் சம்பளம், பேட்டா, டோல் சேர்த்தால் சொந்த வண்டியிலும் பதினாறாயிரம் கைவிட்டுப் போகும். ஒழுங்கான வாடகை வண்டி 34,000 என்றால், ஒரு நடையில் மிச்சம் பதினெட்டாயிரம். அப்புறம், வண்டி சும்மா நின்றாலும் தின்கிறது. 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 2022 ஜூன் கட்டணப்படி 16,049 ரூபாய். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. நின்ற இடத்திலேயே டயர் வெடிப்பு விடும், பேட்டரி இறங்கும், நம்ம கடல் காற்றில் பட்டறைக்காரர் வைத்த தகடு இரண்டு மழைக்காலத்தில் பொரியும். நமக்கு மழைக்காலமும் இரண்டு. போட்ட பணத்துக்கு வட்டியையும் சேர்த்தால் வருஷம் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. ஆக, வருஷத்தில் எட்டு ஒன்பது நீண்ட ஓட்டம் இருந்தால்தான் சொந்த வண்டி கட்டும். எங்களுக்கு அந்த ஓட்டம் இல்லை. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் பக்கத்து ஓட்டம், அதில் மிச்சம் சொற்பம். சுசீந்திரம், பூதப்பாண்டி என்றால் விடியற்காலையில் கையில் பிடித்து நடத்தியே கூட்டிப் போய்விடுகிறோம். லாடம் தேயும், அவ்வளவுதான்.

ஓட்டம் நிறைய உள்ளவர்கள் வாங்கலாம், தப்பில்லை. 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியைக் கார் லைசென்ஸ் வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது, டிரைவர் செலவு மிஞ்சும். காசு குறைகிறதே என்று குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றலாம் என்பவர்களுக்கு: சதுர மீட்டர் கணக்கில் ஒரு குதிரை பிடிக்கும், எடையும் தாங்கும். ஆனால் பக்கப் பலகை குதிரையின் வயிற்றுக்குக்கூட எட்டாது. நின்றுகொண்டே வரும் நானூறு கிலோ உருப்படி வளைவில் ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் கூடச் சாயும். பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துப் போகிற ஆள்கூட அப்படிப் போக மாட்டார்.

வாடகை என்றே முடிவு செய்தோம். மேலே போட்ட கணக்கே தரகர் பேச்சைப் பிரித்துக் காட்டியது. டீசல், டோல், டிரைவர் எல்லாம் போனால் 21,000-ல் வண்டி முதலாளிக்கும் தரகருக்கும் சேர்த்து ஐந்தாயிரம்தான் நிற்கும். எந்த முதலாளி அதற்கு 960 கிலோமீட்டர் வண்டியை விடுவார்? மிச்சக் காசு வேறு எங்கிருந்தோ வர வேண்டும். ஒன்று, இன்னொருத்தர் லோடு. இல்லையென்றால், வழியில் நிறுத்திப் பிடுங்குவது. எனக்கு இரண்டும் நடந்தது. 34,000 சொன்னவர் திரும்பிப் போகிற காலி வண்டியின் செலவையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

இப்போது வண்டி பேசும்போது, வண்டி நம்பரைக் கேட்டு வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி பார்க்கிறேன். ஏற்றுகிற நாளில் அதே நம்பர் வராவிட்டால் ஏற்றுவதில்லை. வேறு லோடு இல்லை, காத்திருப்புக் கட்டணம் யார் தலையில், எந்த வாசல் வரை, இறக்கச் சரிவுப் பலகை உண்டா என்று எழுத்தில் வாங்குகிறேன். மீதிப் பணம் குதிரை தரையில் கால் வைத்த பிறகு. இதையெல்லாம் கேட்டதும் "ரொம்பக் கேக்குறீங்களே சார்" என்று போனை வைத்துவிட்ட ஆட்களும் உண்டு. போகட்டும்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: சாலைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007-இல் சரக்கு என்றால் விலங்கும் சேர்த்திதான். நஷ்டத்துக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், தள்ளிப் போடாதீர்கள். லாரி ரசீது இல்லை என்றால் ஜிபே வரவு, வாய்ஸ் மெசேஜ், மருத்துவர் சீட்டு, காயத்தின் தேதியுள்ள போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் வாடகைக்கு விடுகிற குதிரைதானே, வியாபாரம்தானே என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கிளப்பும். சொந்தப் பிழைப்புக்காகச் செய்கிற சுயதொழில் என்று மனுவிலேயே எழுதிவிடச் சொன்னார் வக்கீல், அப்படியே எழுதியிருக்கிறோம்.

அடுத்த ஆடிக்கு வள்ளியூர், நாங்குநேரி, குமரி மாவட்டத்துக்காரர்கள் யாராவது அந்தியூர் போவதாக இருந்தால் முன்கூட்டியே பேசிக்கொள்வோம். பதினான்கு அடி வண்டியில் விதிப்படி மூன்று குதிரை நிற்கும். நடுவே மூங்கில் தடுப்பு, மூன்று வீட்டு ஆளும் முறைவைத்துத் துணைக்கு, வாடகை மூன்றாகப் பிரியும். குதிரைக்குச் சளியோ இருமலோ இருந்தால் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அதைச் சேர்த்து ஏற்ற முடியாது.