ட்ரூடோஸ் மலைக்காட்டில் நான்கு வருட ரோடு சைக்கிள்: ஏற்றம் பழகிவிட்டது, இறக்கம் இன்னும் இல்லை

நான்கு வருடத்துக்கு முன்னால் சைப்ரஸ் தீவின் லிமசோலில் இந்தச் சைக்கிளை வாங்கப் போனபோது, கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி: "கடற்கரைச் சாலையா, மலையா?" அசட்டுத் துணிச்சலில் "ரெண்டும்" என்றேன். பின்சக்கரத்துக் காசெட்டை, அதாவது பற்சக்கர அடுக்கை, தொட்டுக் காட்டி, "மலைக்கு இது பத்தாதே" என்றார். வேறு பொருளை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆறே வாரத்தில் அதே கடைக்குத் திரும்பப் போய் நின்றேன். மனுஷன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை, அது இன்னும் மோசம்.

இதுவரை இந்த மலையில் மட்டும் 11,000 கிலோமீட்டர் சொச்சம் ஓடியிருக்கிறது. அலுமினியம் பிரேம், கார்பன் போர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். நான்கு செயின், இரண்டு காசெட், எண்ண மறந்துபோன அளவுக்கு பிரேக் பேட். ரேஸ் ஓட்டுகிறவன் இல்லை நான். எடை எழுபத்தொன்பது கிலோ, வயது நாற்பத்திரண்டு, வாரம் ஒரு நாள் மலை. அந்தக் கணக்கில் இதைப் படியுங்கள்.

முதலில் சாலை. சைப்ரஸின் நடுவே எழும் ட்ரூடோஸின் உச்சி ஒலிம்பஸ், 1,952 மீட்டர். அதைச் சுற்றியுள்ள அரசுக் காட்டை 1992-இல் தேசிய வனப்பூங்காவாக அறிவித்தார்கள். நான் போவது பெரும்பாலும் பி8 சாலை. கூரிஸ் அணையை ஒட்டிக் கிளம்பி, திரிமிக்லினி, சைத்தாஸ், மோனியாத்திஸ் வழியாக பிளாத்ரெஸ். அங்கிருந்து ட்ரூடோஸ் சதுக்கம் வரை ஏறக்குறைய எட்டு கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏறணும். கீழ்ப்பாதி வேறு ரகம்: வெயில், லாரி, தூசி. காடு நிஜமாகத் தொடங்குவது மோனியாத்திஸைத் தாண்டித்தான். அதுவரைக்கும் சும்மா வாசலில் நிற்கிற மாதிரி.

கியர் விஷயம். முன்னால் 50/34, பின்னால் 11-28 இருந்தது (எல்லாம் பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை). இப்போது பின்னால் 11-34. அதற்காக, செயினைக் கியர் மாற்றித் தள்ளும் டீரெய்லரையும் நீளக் கூண்டு உள்ளதாக மாற்ற வேண்டி வந்தது. 34-க்கு 34 என்றால் பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம். பழைய கியரில் அதே மிதிக்கு ஒன்பதைத் தாண்டிப் போயாக வேண்டும். தொடைக்கு அந்த ஒன்றரை கிலோமீட்டர்தான் எமன். குதிகால் வலியே இல்லாமல் பிளாத்ரெஸ் தாண்டியது காசெட் மாற்றிய பிறகுதான். எடை குறைந்த சக்கரம் வாங்கக் காசு சேர்ப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள், பத்தில் ஒரு பங்கு செலவு.

ஏறும்போது ஒரு விநோதம். ட்ரூடோஸ் என்பது சுமார் ஒன்பது கோடி ஆண்டு பழைய கடலடித் தரை, மேலே தள்ளப்பட்டு வந்தது. நடுப்பகுதி அதிகமாக எழும்பித் தேய்ந்ததால், ஆழத்தில் கிடந்த பாறைதான் உச்சியில் தலைகாட்டுகிறது. அடிவாரத்தில் கடலுக்குள் பீறிட்டு உறைந்த எரிமலைக் குழம்பு, தலையணை அடுக்கிய மாதிரி. உச்சியிலோ பூமியின் மேலோட்டுக்கும் அடியில் இருந்த கல். மேலே மிதிக்க மிதிக்க பூமிக்குள் இறங்குகிறோம். மூச்சு வாங்கும் நேரத்தில் இதை யோசித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். இந்தக் கல்லுக்கு நடைமுறைத் தொல்லையும் உண்டு: மழை பெய்த மறுநாள் சரிவிலிருந்து உதிர்ந்த கூர்ச்சில்லு சாலையோரம் முழுக்கக் கிடக்கும். 25 மி.மீ. டயரில் முதல் வருடம் ஏழு பஞ்சர். 30 மி.மீ. டியூப்லெஸ் போட்ட பிறகு இரண்டே இரண்டு.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது, இறக்கம்.

வண்டி வந்தபோது முன் பிரேக் இடது லீவரில் இருந்தது, ஐரோப்பா வழக்கம். ஊரில் இருபது வருடம் வலது கையில் முன் பிரேக் பிடித்து வளர்ந்த கை, அவசரத்தில் மூளையைக் கேட்காது. கடையில் ஹோஸைக் கழற்றி மாற்றிக்கொடுத்தார்கள். நம்மூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாளே இதைப் பார்த்துவிடுங்கள். ஆனால் 1960 வரை பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த தீவு என்பதால் வண்டி ஓட்டுவது நம்மைப் போல இடப்பக்கம். அதில் ஒரு வலையும் இருக்கிறது. இறங்கும்போது இடது கொண்டை ஊசி வளைவில் நாம் உள்ஓரத்தில், சரிவு அதிகமாக உள்ள பக்கத்தில் இருப்போம். பைன் ஊசிகள் வந்து ஒதுங்குவதும் அதே ஓரத்தில்தான்.

இரண்டாம் வருடம், அக்டோபர், கோடைக்குப் பிறகான முதல் மழை ஓய்ந்த காலை. ஐந்து மாதத் தூசியும் எண்ணெயும் ஈரத்தில் ஊறி, மேலே பழுப்பு ஊசிகள் பாய் விரித்தாற்போல. பிளாத்ரெஸுக்கு மேலே இடது வளைவு ஒன்றில் பின்சக்கரம் சத்தமே இல்லாமல் விலகியது. விழுந்தது தெரியவில்லை, ஊசிகளின் வாசனைதான் முதலில் தெரிந்தது. முழங்கை தேய்ந்தது, கியர் ஹேங்கர் வளைந்தது. பின்னால் வந்த பிக்-அப்பிலிருந்து ஒரு பாட்டி இறங்கி, என் கையைப் பார்த்துவிட்டு "சிகா, சிகா" என்றார். மெதுவா, மெதுவா. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, வண்டியில் இருந்த சுஜூக்கோ என்ற திராட்சைச்சாற்று மிட்டாயில் ஒரு துண்டு நறுக்கிக் கையில் திணித்தார்.

அன்றைக்குப் பிறகு பிரேக்கில் கை வைத்தேன். ரெசின் பேட் நீண்ட இறக்கத்தில் சூடேறி, கீச்சிட்டு, பிடி தளர்ந்துகொண்டே இருந்தது. மெட்டல் பேடுக்கு மாறினேன். சில டிஸ்க்குகளில் ரெசின் மட்டும் என்று பொறித்திருக்கும், அதில் மெட்டல் போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும், பார்த்து வாங்கணும். டிஸ்க்கும் 140-இலிருந்து 160 மி.மீ. ஆனது. பிரேக் பிடிக்கும் முறையையும் மாற்றினேன்: லேசாக உரசிக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, பிறகு முழுசாக விட்டுவிடுவது. கேட்க எளிது. எனக்கு இன்றும் ஐந்தாவது வளைவில் விரல் தானாக மடங்கும்.

இன்னொன்று குளிர். கடற்கரையில் 30 டிகிரி என்றால் சதுக்கத்தில் 19, 20 இருக்கும். வியர்வையில் நனைந்து ஏறி, அப்படியே காற்றில் இறங்கினால் விரல் விறைத்து லீவர் பிடிபடாது. மடக்கினால் பையில் அடங்கும் கைகளில்லாத விண்ட் ஜாக்கெட் ஒன்று கட்டாயம். அது மறந்த நாளில் காபிக்கடையில் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கி ஜெர்சிக்குள் செருகிக்கொள்வேன். கிரேக்க எழுத்து நெஞ்சில் அச்சாகும், ஆனால் வேலை செய்யும்.

மாதங்களைச் சொல்லிவிடுகிறேன். நல்ல காலம் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் பாதி வரை, பிறகு செப்டம்பர். வசந்தத்தில் சில நாள் ஆப்பிரிக்காவிலிருந்து தூசி வந்து வானம் மஞ்சளாகிவிடும், அன்றைக்கு வீட்டிலேயே இருங்கள். குளிர்காலக் கடைசியில் பைன் மரத்துக் கம்பளிப்பூச்சிகள் ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி சாலையைக் கடக்கும். மயிர் பட்டால் தோல் தடித்துவிடும், பக்கத்தில் உட்காராதீர்கள். நவம்பர், டிசம்பரில் புதனும் ஞாயிறும் வேட்டை நாள். கீழ்ச்சரிவுகளில் விடியற்காலையிலேயே துப்பாக்கிச் சத்தம், வேகமாகப் போகும் பிக்-அப்கள். நான் சனிக்கிழமைக்காரன் ஆனது அப்படித்தான். ஜனவரி, பிப்ரவரியில் மேலே பனிச்சறுக்குக் கூட்டம், நிழல் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி. அந்த இரண்டு மாதமும் பிளாத்ரெஸோடு திரும்பிவிடுவேன்.

ஜூலை, ஆகஸ்ட் பற்றித் தனியாகச் சொல்லணும். 2025 ஜூலை கடைசியில் லிமசோல் மாவட்டத்து ஒயின் கிராமங்களில் பற்றிய தீ நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல் எரித்தது, இருவர் இறந்தார்கள். நான் வழக்கமாகத் திரும்பிவரும் மாற்றுப்பாதையில் ஒரு பகுதி இப்போது கரிக்கட்டைகளுக்கு நடுவே போகிறது. நிழல் போனதைவிடப் பெரிய மாற்றம் சத்தம் போனது. சில்வண்டு இல்லாத மலையில் செயின் சத்தம் மட்டும் கேட்பது நன்றாக இல்லை. காட்டுத்தீ அறிவிக்கும் எண் 1407 என் போனில் முதல் வரிசையில் இருக்கிறது. அதிகச் சூட்டு எச்சரிக்கை வந்த நாளில் நான் காட்டுக்குள் போவதில்லை. நமக்குப் பயம் என்பதற்காக மட்டுமில்லை, தீயணைப்பு வண்டி வரும் குறுகிய சாலையில் நாம் எதற்கு?

சாப்பாட்டில் குறையில்லை. எனர்ஜி ஜெல் வாங்குவதை விட்டு இரண்டு வருடமாகிறது. திராட்சைச் சாற்றை மாவு சேர்த்துக் காய்ச்சி, நூலில் கோத்த பாதாமை அதில் தோய்த்துத் தோய்த்துக் காயவைப்பதுதான் சுஜூக்கோ. பார்க்க மெழுகுவத்தி போல இருக்கும், வியர்வையில் கரையாது, பைக்குள் பிசுபிசுக்காது. கிராமத்துக் காபிக்கடை முன் நின்றால் "கோப்பியாஸ்தே" என்று கூப்பிடுவார்கள், வா, எங்களோடு உட்கார் என்று அர்த்தம். மறுத்தால் மரியாதையில்லை. மெத்ரியோ என்று சொன்னால் அளவான சர்க்கரையில் காபி வரும்.

மேலே போனதும் மரம் மாறுவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சுமார் 1,400 மீட்டர் வரை புரூத்தியா பைன், அதற்கு மேல் கறுப்பு பைன், கிளைகள் பாய் போலப் படுத்திருக்கும். நடுவில் தங்க ஓக்: இலையின் மேற்புறம் கரும்பச்சை, அடிப்புறம் பொன்மஞ்சள். காற்றடித்தால் ஒரு சரிவு முழுக்க நிறம் மாறி மாறி வரும். முன்பு நிற்காமல் கடந்துபோவேன். இப்போது அந்த வளைவில் கால் ஊன்றி, பேட் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். போன சனிக்கிழமை டிஸ்க்கில் இரண்டு சொட்டு தண்ணீர் விட்டுப் பார்த்தேன், சுரீரென்று ஆவியானது. ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம் நின்றேன்.